சிக்னல் வராத சிம்மை விட்டு விலகுவது எப்படி: கட்டிய பணத்தையும் விடாமல், நம்பரையும் இழக்காமல்

கேஸ் சிலிண்டர் கொண்டு வந்த தம்பி வாசலில் நிற்கிறார். எஸ்எம்எஸ்ஸில் வந்த டெலிவரி நம்பரைச் சொன்னால்தான் இறக்கி வைக்க முடியும் என்கிறார். அறுபத்தெட்டு வயது அம்மா போனைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கையை உயர்த்திக்கொண்டு பத்து நிமிஷம் நின்றும் அந்த நம்பர் வரவில்லை, சிலிண்டர் திரும்பிப் போய்விட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரே நேரத்தில் ஏழு எஸ்எம்எஸ் வந்து விழுந்தன, அதில் அந்த நம்பரும் இருந்தது.

எங்கள் ஊர் தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிறது. அதற்கு நாலு மாதம் முன்னால்தான் நான் கோயம்புத்தூரில் இருந்தபடியே அம்மாவின் நம்பருக்கு 365 நாள் பிளான் போட்டிருந்தேன், மாசாமாசம் அவர் கடைக்கு அலைய வேண்டாமே என்று. முதல் ஒரு மாதம் சரியாக இருந்தது. அப்புறம் வீட்டுக்குள் சிக்னல் அறவே போய்விட்டது. எந்தக் கம்பெனி என்று நான் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் அதே கம்பெனி உங்கள் தெருவில் அருமையாக எடுக்கலாம், உங்களுக்கு எடுக்காதது எங்கள் ஊரில் எடுக்கலாம். இந்த விஷயத்தில் கம்பெனியின் பெயரைவிட உங்கள் வீட்டுக்கும் டவருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

நம்பரை மாற்றாமல் வேறு கம்பெனிக்குப் போவது இன்று பெரிய வேலை இல்லை. ஆனால் கோபத்தில் முதலில் போர்ட் பண்ணிவிட்டு அப்புறம் பணத்தைக் கேட்கப் போனால், உங்கள் கையில் ஆதாரம் எதுவும் இருக்காது, பிரீபெய்டில் மிச்சமிருக்கும் நாட்களும் பேலன்ஸும் போர்ட் ஆன நிமிஷமே காலாவதியாகிவிடும். அதனால் செய்கிற வரிசை முக்கியம். முதலில் ஆதாரம், அடுத்து புகார், அடுத்து மேல்முறையீடு, அதற்குப் பிறகு போர்ட், கடைசியில் தேவைப்பட்டால் நுகர்வோர் ஆணையம்.

உங்களைக் கட்டிப்போட்டிருப்பது எது?

வெளிநாடுகளில் இருப்பதுபோல இரண்டு வருஷ ஒப்பந்தம், நடுவில் விலகினால் அபராதம் என்ற முறை நம் ஊரில் தனிநபர் இணைப்புகளில் அபூர்வம். இங்கே நம்மைக் கட்டிப்போடுவது முன்கூட்டியே கட்டிய பணம்தான். 84 நாள் பிளானோ ஒரு வருஷ பிளானோ போட்டிருந்தால் அதுதான் உங்கள் ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போஸ்ட்பெய்ட் என்றால் மாத பில், டெபாசிட், குடும்ப பிளானில் தொங்கும் மற்ற நம்பர்கள் என்று வேறு சில முடிச்சுகள் இருக்கும், அதைக் கீழே சொல்கிறேன். போனை ஃபைனான்ஸில் இஎம்ஐ போட்டு வாங்கியிருந்தால் குழம்ப வேண்டாம், அந்தக் கடன் ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் உங்களுக்கும் நடுவில் இருப்பது, பொதுவாக சிம்மை மாற்றுவதற்கு அது தடை இல்லை. போனும் சிம்மும் சேர்ந்த சலுகையில் வாங்கியிருந்தால் மட்டும் விதிகளை ஒருமுறை முழுதாகப் படியுங்கள், ஒப்பந்தத்தில் விலகும் நிபந்தனை ஏதாவது நிறைவேறாமல் இருந்தால் அதைக் காரணம் காட்டி போர்ட்டை நிராகரிக்க விதியில் இடம் உண்டு.

ரீசார்ஜ் பண்ணின ரசீது இப்போதே கையில் இருக்கட்டும். ஆப்பில் பண்ணியிருந்தால் ஸ்கிரீன்ஷாட், கடையில் பண்ணியிருந்தால் வந்த எஸ்எம்எஸ். தேதி, தொகை, எத்தனை நாள் என்கிற மூன்றும் அதில் தெரிய வேண்டும்.

குறை டவரிலா, வீட்டிலா, போனிலா?

இதைத் தெளிவுபடுத்தாமல் கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணினால் அவர்கள் உங்களை ஒரு வாரம் ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லியே ஓட்டிவிடுவார்கள். அவர்கள் சொல்லப்போவதை எல்லாம் நீங்களே முன்னால் செய்துவிடுங்கள்: போனை அணைத்துப் போடுங்கள், சிம்மைக் கழற்றித் துடைத்துப் போடுங்கள், நெட்வொர்க் செட்டிங்ஸை ரீசெட் பண்ணுங்கள், வோல்ட்இ, அதாவது 4ஜி வழியாகவே பேசும் வசதி, ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். 5ஜி போனாக இருந்தால் 4ஜியில் மட்டும் நிற்கும்படி வைத்து ஒரு நாள் பாருங்கள், 5ஜி லேசாக எட்டிப் பார்க்கிற இடங்களில் போன் அதையே தேடித் தேடி உள்ள சிக்னலையும் விடுவது உண்டு. கடைசியாக, அதே சிம்மை வேறு போனிலும், வேறு கம்பெனி சிம்மை உங்கள் போனிலும் போட்டுப் பாருங்கள். இரண்டு போனிலும் உங்கள் சிம் மட்டும் தடுமாறினால் குறை கம்பெனி பக்கம்தான்.

கட்டம் எத்தனை எரிகிறது என்பதை நம்பாதீர்கள். ஒவ்வொரு போனும் கட்டத்தை ஒவ்வொரு மாதிரி காட்டும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் அபவுட் போன், அதற்குள் சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் ஸ்ட்ரெங்த் என்று மைனஸில் ஒரு எண் இருக்கும், பக்கத்தில் டிபிஎம் என்று போட்டிருக்கும். மைனஸ் 80, 90 என்றால் நல்ல சிக்னல். 100ஐத் தாண்டினால் இழுபறி. 110க்கு மேல் போனால் பேச்சு அறுபடும், 120 பக்கம் போய்விட்டால் இல்லாதது மாதிரிதான். எங்கள் வீட்டு சமையலறையில் மைனஸ் 121, மொட்டை மாடியில் மைனஸ் 108, பஸ் ஸ்டாப்பில் மைனஸ் 87. இந்த மூன்று எண்ணையும் எழுதி அனுப்பிய பிறகுதான் எதிர்முனையில் இருந்தவர் ரீஸ்டார்ட் பேச்சை விட்டார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கரண்ட் போகும்போது சிக்னலும் சேர்ந்து போகிறதா? அப்படியானால் டவரின் பேட்டரி போயிருக்க வாய்ப்பு அதிகம். அது கம்பெனியால் சரிசெய்யக்கூடிய குறை, புகாரில் தெளிவாக எழுதினால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் தளத்தில் உங்கள் இடத்தைக் கொடுத்தால் சுற்றி எந்தெந்த டவர் இருக்கிறது என்று காட்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சொன்னதன் பேரில் 2025லிருந்து கம்பெனிகள் தங்கள் தளத்திலேயே கவரேஜ் வரைபடத்தைப் போடுகின்றன. உங்கள் தெரு அந்த வரைபடத்தில் 4ஜி வண்ணத்தில் இருந்து, வீட்டில் ஒன்றும் எடுக்கவில்லை என்றால், அந்த வரைபடத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அவர்கள் தருவதாகச் சொன்னது அது, உங்களுக்குக் கிடைத்தது இது என்று பக்கத்தில் பக்கத்தில் வைக்க அதைவிட நல்ல சான்று வேறு இல்லை.

வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் விலகுவதற்கு முன் வைஃபை காலிங், அதாவது டவருக்குப் பதில் வைஃபை வழியாகப் பேசும் வசதியைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் இருக்கிறது, தனிக் கட்டணம் கிடையாது, வீட்டுக்குள் மட்டும்தான் பிரச்சினை என்றால் இதிலேயே தீர்ந்துவிடலாம். ஆனால் மொபைல் சிக்னலுக்குப் பணம் வாங்கிக்கொண்டு, வைஃபை போட்டுக்கொள்ளுங்கள் என்று கம்பெனியே பதில் சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளக் கட்டாயம் எதுவும் இல்லை.

ஒரு வாரம் குறிப்பு எழுதுங்கள்

பழைய காலண்டரின் பின்பக்கம் போதும். தேதி, நேரம், வீட்டில் எந்த இடம், மைனஸ் எண், என்ன ஆனது. "காலை 7.40, சமையலறை, மைனஸ் 119, தங்கச்சிக்குப் போன், நாற்பது செகண்டில் அறுந்தது" என்கிற மாதிரி. ஏழு நாள், நாளைக்கு மூன்று வேளை. கூடவே டிராயின் மைஸ்பீட் ஆப்பில் வேகத்தை அளந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், அதன் முடிவுகள் டிராய்க்கும் போகும். சிக்னல் இல்லாததால் நடந்த இழப்பையும் எழுதுங்கள், வராத ஓடிபி, திரும்பிப் போன சிலிண்டர், தவறிப்போன டாக்டர் அப்பாயின்ட்மென்ட். இதெல்லாம் சின்ன விஷயமாகத் தெரியலாம், ஆனால் பின்னால் ஆணையத்தில் கேட்பார்கள்.

இந்தக் குறிப்பு ஏன் தேவை என்றால், டிராய் 2024 அக்டோபர் 1லிருந்து அமலுக்குக் கொண்டுவந்த சேவைத்தர விதிகளில் கால் அறுந்துபோவது 2 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று இருக்கிறது, ஆனால் அது ஒரு பெரிய பகுதிக்கான சராசரிக் கணக்கு. மாநிலம் முழுக்க எடுத்த சராசரியில் மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு தெரு காணாமல் போய்விடும். அந்தத் தெருவைக் காட்ட உங்கள் குறிப்பு மட்டும்தான் இருக்கிறது.

புகார்: எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள்

ஏர்டெல், ஜியோ, வி மூன்றுக்கும் புகார் எண் 198, பிஎஸ்என்எல்லுக்கு 1800 180 1503. உங்கள் கம்பெனியின் நம்பரிலிருந்தே கூப்பிடுங்கள், சிக்னல் கிடைக்கும் இடத்துக்குப் போய்த்தான் கூப்பிட வேண்டியிருக்கும், வேறு வழியில்லை. சில சமயம் 198 மெஷினிலேயே சுற்றவிடும். பொறுமையாக "நெட்வொர்க் பிரச்சினை" என்ற வழியில் போய் ஆளோடு பேசுங்கள்.

பேசும்போது மூன்று விஷயம். ஒன்று, "சிக்னல் வீக்காக இருக்கிறது" என்று பொதுவாகச் சொல்லாமல், "இந்தத் தேதியிலிருந்து இந்த முகவரியில் வீட்டுக்குள் கால் வரவும் இல்லை போகவும் இல்லை" என்று சொல்லுங்கள். இரண்டு, முகவரியும் பின்கோடும் சரியாகப் பதிவாகிறதா என்று திரும்பப் படிக்கச் சொல்லுங்கள், பக்கத்து ஊர் டவரைப் பார்த்துவிட்டு "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று புகாரை மூடுவது வழக்கம். மூன்று, புகார் எண். அவர்கள் டாக்கெட் நம்பர் என்பார்கள், எஸ்எம்எஸ்ஸிலும் வரவேண்டும். தொலைத்தொடர்பு நுகர்வோர் குறைதீர்ப்பு விதிகள் 2012லிருந்தே அமலில் இருக்கின்றன, ஒவ்வொரு புகாருக்கும் எண் தருவது அவர்கள் கடமை. "நோட் பண்ணிக்கிட்டோம் மேடம்" என்பது புகார் ஆகாது.

எங்களுக்கு நடந்தது இது: மூன்றாம் நாள் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று எஸ்எம்எஸ் வந்தது, அதுவும் அம்மா பஸ் ஸ்டாப்புக்குப் போனபோதுதான் வந்தது. திரும்பக் கூப்பிட்டதற்கு, சமாதானமாக ஒரு வாரத்துக்குக் கூடுதல் டேட்டா போட்டுத் தருகிறோம் என்றார்கள். சிக்னலே இல்லாத இடத்தில் டேட்டாவை என்ன செய்வது என்று கேட்டேன். இப்படி எதையாவது கொடுத்தால், "இதை என் புகாருக்கான தீர்வாக நான் ஏற்கவில்லை" என்று சொல்லுங்கள், சொன்னதை அன்றைக்கே மின்னஞ்சலிலும் எழுதிவிடுங்கள். புகாரை மறுபடி திறக்கச் சொல்லுங்கள், அல்லது புதிய எண் வாங்குங்கள். இரண்டு முறை இப்படி மூடிவிட்டால் கஸ்டமர் கேரோடு மல்லுக்கட்டுவதை நிறுத்திவிட்டு மேலே போகலாம்.

மேல்முறையீடு, பெரும்பாலானவர்கள் தவறவிடும் படி

ஒவ்வொரு கம்பெனியிலும் ஒவ்வொரு வட்டத்துக்கும், ஏறக்குறைய ஒவ்வொரு மாநிலத்துக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், மேல்முறையீட்டு அதிகாரி இருக்கிறார். அவருடைய மின்னஞ்சலும் போன் எண்ணும் கம்பெனியின் தளத்தில் எங்காவது அடியில் இருக்கும், கிடைக்கவில்லை என்றால் டிராயின் டிசிசிஎம்எஸ் என்ற தளத்தில் கம்பெனியையும் தமிழ்நாட்டையும் தேர்ந்தெடுத்தால் கிடைக்கும். புகாருக்கான காலக்கெடு முடிந்ததிலிருந்தோ, அவர்கள் சொன்ன தீர்வு உங்களுக்குத் திருப்தி இல்லை என்று ஆனதிலிருந்தோ 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். கட்டணம் கிடையாது. 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும்.

இங்கேதான் பணத்தையும் கேட்க வேண்டும். கஸ்டமர் கேரில் இருப்பவருக்குப் பணத்தைத் திருப்பித் தரும் அதிகாரம் பெரும்பாலும் இருக்காது. நான் எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது, வேண்டுமானால் அப்படியே எடுத்து உங்கள் விவரத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்:

"ஐயா, வணக்கம். என் தாயாரின் பெயரில் உள்ள மேற்கண்ட எண்ணுக்கு இந்தத் தேதியில் இவ்வளவு ரூபாய் கட்டி 365 நாள் திட்டம் எடுத்தோம். இந்தத் தேதியிலிருந்து எங்கள் வீட்டு முகவரியில் அழைப்பும் குறுஞ்செய்தியும் கிடைக்கவில்லை. இரண்டு முறை புகார் பதிந்தும், எண்கள் கீழே, குறை தீராமலேயே புகார் மூடப்பட்டது. ஏழு நாள் அளவீடும் உங்கள் கவரேஜ் வரைபடத்தின் நகலும் இணைத்துள்ளேன். குறையை 15 நாளுக்குள் சரிசெய்யுங்கள். முடியாது என்றால், பயன்படுத்த முடியாத மிச்ச நாட்களுக்கான தொகையை இந்த வங்கிக் கணக்கில் திருப்பித் தாருங்கள். எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றினாலும் இந்தக் கோரிக்கை தொடரும்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். போர்ட் ஆகிவிட்டதால் நீங்கள் எங்கள் வாடிக்கையாளர் இல்லை என்று பின்னால் கைகழுவப் பார்ப்பார்கள், அதற்கு முன்கூட்டியே பதில் சொல்லி வைப்பதுதான் அந்த வரி.

தொகையை நீங்களே கணக்குப் போட்டு எழுதுங்கள். உதாரணத்துக்கு 3,600 ரூபாய்க்கு 365 நாள் பிளான், 140 நாள் ஓடிவிட்டது, மிச்சம் 225 நாள் என்றால், 3,600ஐ 365ஆல் வகுத்து 225ஆல் பெருக்கினால் சுமார் 2,219 ரூபாய். வட்டமாக "நஷ்டஈடு தாருங்கள்" என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், 2,219 என்று எழுதினால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஒன்றை மட்டும் நேராகச் சொல்லிவிடுகிறேன், பிரீபெய்டில் சிக்னல் சரியில்லை என்றால் தானாகவே பணம் திரும்பும் என்று எந்த விதியும் இல்லை. மாவட்ட அளவில் 24 மணி நேரத்துக்கு மேல் நெட்வொர்க் விழுந்தால் போஸ்ட்பெய்டுக்கு வாடகைக் கழிவும் பிரீபெய்டுக்கு நாள் நீட்டிப்பும் தரவேண்டும் என்று 2024 விதிகளில் வந்திருக்கிறது, ஆனால் அது ஒரு வீட்டின் கதைக்கு உதவாது. உங்கள் கோரிக்கை நிற்பது "சேவைக் குறைபாடு" என்ற ஒரே காலில்தான், அதனால்தான் இவ்வளவு ஆதாரம் சேர்க்கச் சொல்கிறேன்.

இதே நேரத்தில் 1915க்கும் போன் பண்ணுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம், வாட்ஸ்அப் எண்ணும் இருக்கிறது, 88000 01915. அவர்கள் புகாரை நேராகக் கம்பெனியின் உயர்மட்டத்துக்கு அனுப்பிவிடுவார்கள். தொலைத்தொடர்புத் துறைக்கு எழுத வேண்டும் என்றால் மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்புத் தளமான சிபிகிராம்ஸில் போடலாம். டிராய்க்கு எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம், அது விதி போடும் அமைப்பு, தனிநபர் புகாரை விசாரிக்க அதற்கு அதிகாரம் இல்லை. எங்கள் விஷயத்தில் 1915ல் பதிந்து ஒன்பதாம் நாள் கம்பெனியிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார், முதல் முறையாக முழுக் குறிப்பையும் படித்துவிட்டுப் பேசினார். டவரை இப்போதைக்குச் சரிசெய்ய முடியாது என்று ஒப்புக்கொண்டதும் அவர்தான்.

புது கம்பெனியை வீட்டுக்குள் வைத்துப் பாருங்கள்

மேல்முறையீடு நடக்கிற நாட்களில் இந்த வேலையைச் செய்யுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், ரோட்டோரம் குடை போட்டு சிம் விற்கிற தம்பி சொன்னார் என்று போர்ட் பண்ணாதீர்கள். போர்ட் ஆகிவிட்டால் அடுத்த 90 நாளுக்கு மறுபடி மாற முடியாது. ஒரு புதிய சிம் வாங்கி, இரண்டாவது சிம் இடத்தில் போட்டு, பத்து நாள் வீட்டிலேயே வைத்திருங்கள். அதே சமையலறை, அதே மூன்று வேளை, அதே மைனஸ் எண். மழை நாளிலும் கரண்ட் போன நேரத்திலும் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். இதற்கு ஆகும் இருநூறு முந்நூறு ரூபாய் செலவு வீண் இல்லை. சாதாரண பட்டன் போன் வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும், ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது, அதனால் வோல்ட்இ இல்லாத போனில் பேச முடியாது.

சோதித்த சிம்மின் நம்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு, பழைய நம்பரை அந்தக் கம்பெனிக்குக் கொண்டுபோகலாம். இரண்டு நம்பரும் வேண்டும் என்று தோன்றினால், 2024 டிசம்பரில் டிராய் போட்ட உத்தரவுக்குப் பிறகு டேட்டா இல்லாத, பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பிளான்கள் எல்லாக் கம்பெனியிலும் இருக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள். வயதானவர்களுக்கு அது போதும்.

போர்ட்

ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் போர்ட் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, பத்து இலக்க நம்பரை எழுதி, 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். எந்த நம்பரை மாற்ற வேண்டுமோ அந்த நம்பரிலிருந்தே அனுப்ப வேண்டும். உங்கள் பிளானில் எஸ்எம்எஸ் இல்லை என்று சொல்லித் தடுக்கக் கூடாது, எவ்வளவு சின்ன பிளானாக இருந்தாலும் 1900க்கு எஸ்எம்எஸ் போக வேண்டும் என்று டிராய் 2021 டிசம்பரிலேயே உத்தரவு போட்டிருக்கிறது. பதிலுக்கு எட்டு எழுத்துள்ள யூபிசி குறியீடு வரும். தமிழ்நாட்டில் அதற்கு ஆயுள் நாலு நாள். அந்தக் குறியீட்டைப் போனில் கூப்பிட்டுக் கேட்பவர் யாராக இருந்தாலும் சொல்லாதீர்கள், கடையில் உங்கள் எதிரே உட்கார்ந்து படிவம் போடுபவரிடம் மட்டும் காட்டுங்கள். உங்கள் நம்பரை வேறொருவர் கொண்டுபோக அது ஒரு சாவி மாதிரி.

யூபிசியும் ஆதாரும் எடுத்துக்கொண்டு புதிய கம்பெனியின் சொந்த ஷோரூமுக்குப் போங்கள். போர்ட்டுக்கான கட்டணம் 6 ரூபாய் 46 காசு, பல சமயம் அதையும் வாங்குவதில்லை. தமிழ்நாட்டுக்குள்ளேயே என்றால் 3 வேலை நாள், வேறு மாநில வட்டத்துக்கு என்றால் 5 வேலை நாள். மனம் மாறினால் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். மாறும் ராத்திரி சில மணி நேரம் போன் செத்த மாதிரி இருக்கும், பழைய சிம் அணைந்ததும் புதியதைப் போட வேண்டும்.

நிராகரிக்கிற காரணங்கள் எண்ணி எடுக்கக்கூடியவை. இணைப்பு வாங்கியோ முன்பு போர்ட் பண்ணியோ 90 நாள் ஆகாமல் இருப்பது. 2024 ஜூலை 1லிருந்து, சிம் தொலைந்து மாற்று சிம் வாங்கி 7 நாள் ஆகாமல் இருப்பது. பெயர் மாற்ற விண்ணப்பம் நிலுவையில் இருப்பது. இந்தக் கடைசிக் காரணத்தில் நிறைய குடும்பங்கள் மாட்டுகின்றன: சிம் இறந்துபோன அப்பா பெயரில் இருக்கும், அம்மா பயன்படுத்திக்கொண்டிருப்பார். முதலில் பெயரை மாற்றி முடித்துவிட்டு, அது முழுசாக முடிந்த பிறகு போர்ட் கேளுங்கள்.

போஸ்ட்பெய்டில் கெடு தாண்டிய பில் பாக்கி இருந்தால் யூபிசியே வராது. பில்லில் தகராறு இருந்தாலும் "ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்" என்று மின்னஞ்சல் போட்டுவிட்டுக் கட்டிவிடுங்கள், அப்புறம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இன்னும் பில் போடாத நடப்பு மாதத்துக்காக அவர்கள் தடுக்க முடியாது. ஆனால் போர்ட் ஆன பிறகு கடைசி பில் ஒன்று வரும், அதைக் கட்டாமல் விட்டால் புதிய கம்பெனியில் இருக்கும் உங்கள் நம்பரையே நிறுத்தச் சொல்லிப் பழைய கம்பெனி கேட்கலாம். ஆட்டோபே போட்டிருந்தால் அந்தக் கடைசி பில் முடிந்ததும் வங்கி ஆப்பில் ரத்து செய்யுங்கள். டெபாசிட் கட்டியிருந்தால் திருப்பிக் கேட்டு எழுத்தில் கொடுங்கள். குடும்ப பிளானில் முதன்மை நம்பர் உங்களுடையது என்றால் மற்ற நம்பர்களை முதலில் பிரித்து வையுங்கள். அலுவலகப் பெயரில் உள்ள நம்பருக்கு அலுவலகத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும்.

பணம் வரவில்லை என்றால்

தொலைபேசிப் புகாரை நுகர்வோர் நீதிமன்றம் எடுக்காது என்று இன்றும் சிலர் சொல்வார்கள். 2009ல் வந்த ஒரு தீர்ப்பை வைத்துத்தான் அப்படிச் சொன்னார்கள். 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிட்டது, மொபைல் கம்பெனிக்கு எதிராக நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவை என்பதன் விளக்கத்திலேயே தொலைத்தொடர்பு என்ற சொல் இருக்கிறது. கம்பெனியின் தலைமையகம் மும்பையிலோ டெல்லியிலோ இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

போடுவதற்கு முன் கம்பெனிக்கு ஒரு கடைசிக் கடிதம் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், மேல்முறையீட்டில் எழுதியதையே சுருக்கி, 15 நாள் கெடு கொடுத்து. ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பதில் இல்லை என்றால் நுகர்வோர் ஆணையங்களில் இணையம் வழியாக வழக்குப் போடும் இ-ஜாக்ரிதி தளத்தில் பதிவு செய்து, புகார் மனு, உறுதிமொழிப் பத்திரம், ரீசார்ஜ் ரசீது, புகார் எண்கள், அளவீட்டுக் குறிப்பு, கவரேஜ் வரைபடம், கடித ரசீது என்ற வரிசையில் ஏற்றுங்கள். மிச்ச நாள் தொகை, அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் ஒரு நியாயமான தொகை, செலவுத்தொகை என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். சட்டம் மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது, நடப்பில் அதைவிட நீளும். இரண்டாயிரம் ரூபாய்க்காக இவ்வளவா என்று உங்களையே கேட்பீர்கள். அது உங்கள் முடிவு. நான் போகத் தயாராகத்தான் இருந்தேன், காகிதம் எல்லாம் அடுக்கி வைத்திருந்தேன், ஆனால் அந்தக் கடைசிக் கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு மிச்ச மாதங்களுக்கான தொகை அம்மாவின் கணக்கில் விழுந்துவிட்டது.

போர்ட் ஆன மறுநாள்

நம்பர் அதேதான் என்பதால் வங்கியிலோ ஆதாரிலோ எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் யூபிஐ ஆப்கள் சிம் மாறியதைக் கண்டுபிடித்து மறுபடி சரிபார்க்கச் சொல்லும், அதற்குப் போனிலிருந்து ஓர் எஸ்எம்எஸ் போக வேண்டும், ஆகவே ஊருக்குக் கிளம்பும் நாளிலோ ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டும் நாளிலோ போர்ட் விழாத மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள், கையில் கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும். பழைய கம்பெனியின் ஆப்பை அழிப்பதற்கு முன் ரீசார்ஜ் வரலாறு, பில்கள், புகார் வரலாறு எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், நம்பர் போன பிறகு அதற்குள் நுழைய முடியாமல் போகலாம். பழைய சிம்மில் மட்டும் சேமித்த தொடர்பு எண்கள் இருந்தால் அதையும் போனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு அதில்தான் ஐம்பத்துச் சொச்சம் நம்பர்கள் இருந்தன, பால்காரர், ஆட்டோக்காரர், மேலத்தெரு சித்தி என்று. அதை ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்ற ஒரு மதியம் ஆனது.